பேண்ட்சா நேராக அறுக்கவே அறுக்காதா?

ஜனவரி 4 (கேள்வி)

என்னிடம் இருப்பது 14 அங்குல வீல் உள்ள பேண்ட்சா, மேலும் கீழுமாக இரண்டு வீலைச் சுற்றி ஓடுகிற பட்டை பிளேடால் மரம் அறுக்கிற மெஷின். கோடு போட்டுக் கையால் தள்ளி அறுத்தால் எப்போதும் இடப்பக்கமே இழுக்கிறது. மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான சட்டமான ஃபென்ஸை பிளேடுக்கு இடப்பக்கம் வைத்தால் மரம் அதை விட்டு விலகுகிறது, வலப்பக்கம் வைத்தால் அதன்மேல் போய் அழுத்துகிறது. ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு இழுப்புக் கோணம் உண்டு, அதைக் கண்டுபிடித்து ஃபென்ஸைத் திருப்பி வைப்பது ஒன்றுதான் வழி என்று படித்தேன். பேண்ட்சா நேராக அறுக்கிற மெஷினே கிடையாது என்பது என் முடிவு. மறுப்பவர் இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

மறுக்கிறேன். இரண்டு வருஷம் நானும் இதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன். பலகை ஓரத்துக்கு இணையாக ஒரு கோடு போடுவேன், பாதி தூரம் கையால் அறுப்பேன், மரத்தை அசைக்காமல் பிடித்தபடி மெஷினை நிறுத்தி, பலகை எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதை மேஜையில் பென்சிலால் வரைந்து, ஃபென்ஸை அதற்கு ஒட்டித் திருப்புவேன். வேலை நடக்கும். ஆனால் பிளேடு மாற்றினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. என் மேஜையில் பென்சில் கோடுகள் விசிறி மாதிரி இருந்தன.

முதலில் மேல் வீல் மூடியைத் திறந்து, வீல் விளிம்பைச் சுற்றியிருக்கிற டயர் மேல் பிளேடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான 14 அங்குல மெஷின்களில் டயர் தட்டையாக இருக்காது, நடுவில் லேசாக மேடு இருக்கும். மேட்டின் சரிவில் பிளேடு உட்கார்ந்தால் பிளேடும் அந்தச் சரிவுக்கேற்பத் திரும்பிக்கொள்ளும். கீழே மேஜைக்கு வரும்போது பல் நேரே பார்க்காமல் ஒரு ஓரமாகப் பார்க்கும். அப்புறம் மரம் ஏன் நேராகப் போகும்?

பேண்ட்சா அமைப்பதைக் கற்றுத்தருகிற அமெரிக்கர் அலெக்ஸ் ஸ்னாட்கிராஸ் மேடை மேடையாகச் செய்து காட்டுகிற வழிதான் நான் பின்பற்றுவது. மேல் வீலில், பல்லுக்கு அடியில் உள்ள பள்ளத்தின் அடிவிளிம்பு டயரின் நடுக்கோட்டில் நிற்கும்படி சாய்வுத் திருகைத் திருப்ப வேண்டும். பிளேடின் நடு அல்ல, பள்ளத்தின் அடி. பிளேடின் நடுவே டயர் நடுவில் வர வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். 12 மி.மீ. பிளேடில் இரண்டுக்கும் சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதை வைத்துச் சண்டை வேண்டாம்.

ஜனவரி 5

எதை முதலில், எதை அடுத்துச் சரிசெய்வது என்று வரிசை கேட்டிருக்கிறீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். மேஜைக்கு மேலேயும் கீழேயும் பிளேடை ஆடாமல் பிடிக்கிற பக்கக் கைடுகள், அதன் முதுகைத் தாங்குகிற பின் பேரிங்குகள் எல்லாவற்றையும் பிளேடைத் தொடாதபடி விலக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் டிராக்கிங் (பிளேடு டயரில் எங்கே ஓடுகிறது என்பது) பார்ப்பவர்கள்தான் அதிகம். கைடு பிளேடைத் தள்ளிக்கொண்டிருக்கும், இவர்கள் வீலைக் குறை சொல்வார்கள். அடுத்து டென்ஷன், அதாவது பிளேடின் இறுக்கம். டென்ஷன் ஏற்றிய பிறகுதான் டிராக்கிங், அதுவும் வீலைக் கையால் சுற்றித்தான். டென்ஷனை மாற்றினால் டிராக்கிங்கும் மாறும், திரும்பப் பாருங்கள். பிறகு மேஜை பிளேடுக்கு மூலைமட்டமா என்று பாருங்கள். கடைசியில் கைடு.

இன்னொன்று, இரண்டு வீலும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை இரண்டு வீல் விளிம்பிலும் படும்படி வைத்துப் பாருங்கள். ஒன்று உள்ளே தள்ளி இருந்தால் அதன் பின்னால் வாஷர் போட்டுச் சரிசெய்யலாம்.

ஜனவரி 5, கொஞ்சம் கழித்து

கேட்க மறந்துவிட்டேன். பல் கீழே பார்க்கிறதுதானே?

சிரிக்காதீர்கள். புது பிளேடு மூன்று வளையமாகச் சுருட்டி வரும். பிரிக்கும்போது துள்ளி விரிந்து உள்பக்கம் வெளிப்பக்கமாகிவிடும். மாட்டிப் பார்த்தால் பல் உங்களைப் பார்த்தே இருக்கும், ஆனால் முனை வானத்தைப் பார்க்கும். மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒழிய வேறு வழியில்லை என்று நான் பத்து நிமிஷம் யோசித்தது உண்மை. பிளேடை வெளியே எடுத்துச் சட்டையை உள்ளே வெளியே திருப்புகிற மாதிரி முறுக்கித் திருப்பினால் போதும். அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒரு பலகையைப் புகைய வைத்துவிட்டேன்.

ஜனவரி 9

டென்ஷன் பற்றி. மெஷினில் இருக்கிற அளவுகோல் பிளேடை அளக்கவில்லை, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. ஸ்பிரிங் பழசாகித் தளர்ந்திருந்தால் '12' என்ற கோட்டில் முள் நிற்கும், பிளேடு தொங்கும். என் மெஷினில் அப்படித்தான்.

சாதாரணக் கார்பன் ஸ்டீல் பிளேடுக்குச் சொல்லப்படுகிற இழுவிசை ஒரு சதுர அங்குலத்துக்கு 15,000 முதல் 20,000 பவுண்டு வரை. இதைக் கேட்டால் ஒன்றும் விளங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 மி.மீ. அகலம், 0.6 மி.மீ. கனம் உள்ள பிளேடுக்கு அந்தக் குறைந்த அளவை எட்டவே மேல் வீலின் அச்சு ஏறக்குறைய 150 கிலோவைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு ஆள் எடை, ஒரு சின்ன ஸ்பிரிங் மேல். 19 மி.மீ. பிளேடு என்றால் அதைப்போல ஒன்றரை மடங்கு. மெஷின் பெட்டியில் '19 மி.மீ. வரை மாட்டலாம்' என்று எழுதியிருப்பார்கள். மாட்டலாம்தான். இழுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. 14 அங்குல மெஷினில் நான் 12 மி.மீ.க்கு மேல் போவதில்லை, அகலப் பலகையைக் கனத்தில் பிளப்பதற்குக்கூட.

அளக்கக் கருவி இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மேல் கைடை மேஜையிலிருந்து 150 மி.மீ. உயர்த்தி, பிளேடின் பக்கவாட்டில் விரல் நுனி வெளுக்கிற அளவு அழுத்துங்கள். 6 மி.மீ.க்கு மேல் வளைந்தால் போதாது. இன்னொன்று, கைடுகளை எல்லாம் விலக்கி, மூடிகளைச் சாத்தி, மெஷினை ஓட்டி, டென்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவது. ஒரு இடத்தில் பிளேடு படபடவென்று ஆடத் தொடங்கி, கண்ணுக்கு இரண்டு பிளேடு மாதிரித் தெரியும். அங்கிருந்து ஆட்டம் நிற்கும்வரை ஏற்றி, மேலும் கால் சுற்று. மெல்லிசான பிளேடுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. பிளப்பதற்கு நான் இதை நம்புவதில்லை, இன்னும் இறுக்குவேன்.

பிளேடைத் தந்தி மாதிரி மீட்டிச் சுருதி பார்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. எது மீட்டினாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

ஜனவரி 12

மன்னிக்கவும். 5ஆம் தேதி நான் எழுதிய வாஷர் யோசனையைக் கேட்டு, கேள்வி கேட்ட தம்பி இரண்டு வாஷர் போட்டிருக்கிறார். இப்போது பிளேடு முன்பக்கமாகக் கழன்று விழுகிறதாம்.

அந்தப் பத்தியை நான் எழுதியே இருக்கக்கூடாது. யோசித்துப் பார்த்தால், என் மெஷினில் இரண்டு வீலும் 3 மி.மீ. வித்தியாசத்தில்தான் இருக்கின்றன, வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடுகின்றன. மேல் வீல் எப்படியும் சாய்வதற்காகத்தானே அமைத்திருக்கிறது. அந்தச் சாய்வே வித்தியாசத்தை வாங்கிக்கொள்கிறது. நேர்ச்சட்டம் வைத்து அளந்தபோது டென்ஷன் இருந்ததா என்று தம்பியைக் கேட்டேன். இல்லையாம், பிளேடே இல்லையாம். 150 கிலோ இழுக்கும்போது சட்டகமே வளைகிறது, வெறும் வீலை அளந்து என்ன பயன்? பிளேடு டயரில் நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தாலோ, சாய்வுத் திருகை முழுக்கத் திருப்பியும் நடுவுக்கு வராவிட்டாலோ மட்டும் வாஷரைப் பற்றி யோசியுங்கள். தம்பி, கழற்றிவிடுங்கள்.

ஜனவரி 13

கழற்றியாயிற்றாம். பழைய நிலைக்கு வந்துவிட்டதாம். அதாவது மறுபடி இடப்பக்கம் இழுக்கிறது.

ஜனவரி 20

கைடு. இதில்தான் நான் ஒரு பிளேடைக் கொன்றேன், அதனால் விரிவாக.

பக்கக் கைடுக்கும் பிளேடுக்கும் இடையில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி. துண்டுத் தாளை பிளேடைச் சுற்றி மடித்து வைத்து, இரண்டு பக்கமும் கைடைக் கொண்டுவந்து முட்டவிட்டு, திருகை இறுக்கி, தாளை உருவிவிடுங்கள். இறுக்கும்போது கைடு நகரும், அது அதன் குணம். இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். பின் பேரிங் பிளேடின் முதுகைத் தொடாமல், தொட்டுவிடும் தூரத்தில். சும்மா ஓடும்போது அது சுற்றக்கூடாது, மரத்தைத் தள்ளியதும் சுற்ற வேண்டும். மேல் கைடுத் தண்டை மரத்துக்கு 6 மி.மீ. மேலே வரை இறக்குங்கள். இறக்கிய பிறகு இடைவெளியை மறுபடி பாருங்கள். தண்டு செங்குத்தாக இல்லாவிட்டால், மேலே சரியாக இருந்த கைடு கீழே வரும்போது பிளேடைத் தள்ளும்.

இப்போது கொலை. பக்கக் கைடின் முன்விளிம்பு பல்லுக்கு அடியில் உள்ள பள்ளத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட வேண்டும். நான் தாராளமாக முன்னால் வைத்திருந்தேன். கட்டையான ஒரு துண்டை வேகமாகத் தள்ளியதும் பிளேடு பின்னால் போயிற்று, கூடவே பல்லும் கைடுக்குள் போயிற்று. ஒரு சத்தம், இரண்டு பொறி, அவ்வளவுதான். பல் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சாய்ந்திருக்குமே, அதில் ஒரு பக்கச் சாய்வு தேய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த பிளேடு வலப்பக்கமே போகும். எந்தத் திருகைத் திருப்பினாலும் வலப்பக்கமே போகும்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. 4ஆம் தேதி நான் வீல், மேடு, சரிவு என்று பேசினேனே தவிர, பிளேடு நல்ல பிளேடா என்று கேட்கவே இல்லை. தம்பி, பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் பல் முனையைப் பாருங்கள். கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மழுங்கினது மினுங்கும். எந்தப் பக்கத்துப் பல் மினுங்குகிறது?

ஜனவரி 21

வலப்பக்கப் பல்லாம். எல்லாம் மினுங்குகிறதாம். பழைய கதவுச் சட்டம் ஒன்றை அறுத்தபோது உள்ளே ஆணி இருந்ததாம், "லேசாகத்தான் பட்டது அண்ணே".

லேசாக! வலப்பக்கப் பல் செத்துப்போனால் உயிரோடு இருக்கிற இடப்பக்கப் பல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பதினேழு நாளாக நாம் மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 23

புது பிளேடு மாட்டினாராம், கோட்டிலேயே போகிறதாம். "ஃபென்ஸைத் தொடவே இல்லை" என்கிறார். பார்த்தீர்களா என்று மார்தட்ட எனக்கு ஆசைதான், ஆனால் வாஷர் ஞாபகம் வருகிறது.

பிப்ரவரி 2

என் மெஷினுக்கு வருவோம். ஒரு வாரமாக டிக் டிக் என்று ஒரு சத்தம்.

பிளேடின் ஒட்டுதான் என்று உடனே முடிவு கட்டினேன். பேண்ட்சாவின் சரித்திரமே ஒட்டின் சரித்திரம்தான். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1809லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பட்டையின் இரண்டு முனையையும் ஒட்டினால் அந்த இடம் ஓயாத வளைவைத் தாங்காமல் அற்றுப்போயிற்று. மெஷின் பல வருஷம் காகிதத்திலேயே கிடந்தது. 1846இல் பிரான்ஸில் ஆன் பொலின் க்ரேப்பென் என்ற பெண்மணிதான் நிலைத்து நிற்கிற ஒட்டுக்கு வழி கண்டு காப்புரிமை எடுத்தார். அதற்குப் பிறகுதான் மெஷின் பட்டறைக்குள் வந்தது.

என் பிளேடின் ஒட்டில் விரலை வைத்தால் முதுகில் சின்னதாக ஒரு துருத்தல் தெரிந்தது. சாணைக்கல்லை எடுத்து, மெஷின் ஓடும்போது முதுகின் இரண்டு மூலையிலும் லேசாகக் காட்டினேன். துருத்தல் போய்விடும், முதுகும் உருண்டையாகி வளைவுகளில் நன்றாகத் திரும்பும். பொறி பறக்கும், அதனால் உள்ளே கிடக்கிற தூளை முதலில் முழுக்க அள்ளிவிட வேண்டும்.

முதுகு வழவழவென்று ஆகிவிட்டது. டிக் டிக் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 3

தூக்கம் வராமல் யோசித்ததில் ஒன்று தோன்றியது. 14 அங்குல வீலின் சுற்றளவு ஏறத்தாழ 1.12 மீட்டர். பிளேடின் நீளம் 93½ அங்குலம், அதாவது 2.37 மீட்டர். ஆக, பிளேடு ஒரு முறை சுற்றி வருவதற்குள் வீல் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். ஒட்டுதான் காரணம் என்றால் வீலின் இரண்டு சுற்றுக்கு ஒரு டிக் வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வந்தால் குற்றவாளி வீல். ஓடும்போது காதால் எண்ண முடியாது, நொடிக்குப் பத்துக்கு மேல் வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ் வீலில் சாக்பீஸால் ஒரு கோடு, பிளேடில் ஒட்டு இருக்கிற இடத்தில் ஒரு கோடு, கையால் மெதுவாகச் சுற்றினேன்.

ஒவ்வொரு முறையும் கீழ் வீலின் கோடு மூன்று மணி இடத்துக்கு வரும்போது பிளேடு ஒரு மயிரிழை எகிறியது. பிளேடின் கோடு எங்கேயோ இருந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பிளேடைக் கழற்றி டயரைத் தடவினேன். மரப்பிசினும் தூளும் சேர்ந்து, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி, கல்லாகக் காய்ந்து டயரோடு ஒட்டியிருந்தது. போன மாதம் பச்சை மரம் ஒன்றை அறுத்தேன், அதன் வேலை. உளியின் முதுகால் சுரண்டி எடுத்து, மிச்சத்தைத் தேய்ப்புத் தாளால் தேய்த்தேன். டிக் டிக் போயிற்று. ஒரு பழைய பிரஷ்ஷைக் கீழ் வீல் டயரில் உரசிக்கொண்டே இருக்கும்படி உள்ளே திருகிவிட்டிருக்கிறேன்.

குற்றமற்ற ஒரு ஒட்டை நேற்று அரைமணி நேரம் சாணை பிடித்தேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பிப்ரவரி 3, மாலை

மெஷின் நடுங்குகிறது என்பவருக்கு: பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் நின்றால் மோட்டார் மேல் தப்பில்லை. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற மெஷினில் பெல்ட் புல்லியைச் சுற்றியிருந்த வடிவத்திலேயே விறைத்துப் போயிருக்கும். கொஞ்ச நேரம் ஓடினால் சில பெல்ட் இளகும், சிலதை மாற்றத்தான் வேண்டும்.

பிப்ரவரி 11

மேஜை மூலைமட்டத்துக்கு நான் மட்டத்தை பிளேடோடு ஒட்டிப் பார்ப்பதோடு விடுவதில்லை. பல் பக்கவாட்டில் துருத்தி மட்டத்தை ஏமாற்றும். 70, 80 மி.மீ. உயரமுள்ள ஒரு கட்டையின் முகத்தில் கொஞ்சம் ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போடுங்கள். மெஷினை நிறுத்தி, அதே அடிப்பக்கம் மேஜையில் இருக்க, கட்டையை பிளேடின் பின்னால் கொண்டுபோய், போட்ட வெட்டுக்குள் பிளேடின் முதுகு நுழைகிறதா என்று பாருங்கள். மேலிருந்து கீழ்வரை வழுக்கிக்கொண்டு நுழைந்தால் மேஜை மட்டம். மேலே நுழைந்து கீழே முட்டினால் சாய்ந்திருக்கிறது, அதுவும் உள்ளதைப்போல இரண்டு மடங்காகத் தெரியும்.

12 மி.மீ. பிளேடால் சின்ன வட்டம் அறுக்க முடியுமா என்ற கேள்விக்கு: 64 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக முயற்சி செய்யாதீர்கள். முறுகும், சூடாகும், கைடைத் தின்னும். 6 மி.மீ. பிளேடு 16 மி.மீ. ஆரம் வரை திரும்பும். உருண்டைக் கட்டையை அப்படியே மேஜையில் வைத்து அறுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். கூடாது. பல் பட்டதும் கட்டை உருளும், பிடித்த கையையும் இழுத்துக்கொண்டு போகும். 'வி' வடிவப் பள்ளம் வெட்டிய கட்டையில் உட்காரவைத்து, நகராமல் இறுக்கிவிட்டுத்தான்.

வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்துங்கள். நான் தளர்த்துவேன். வாரத்தில் நாலு நாள் மறந்துவிடுவேன். மறந்ததற்காக எதுவும் உடைந்ததில்லை, ஆனால் என் ஸ்பிரிங் தளர்ந்ததற்கு வேறு காரணமும் தெரியவில்லை.

பிப்ரவரி 26

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஒரு சின்னப் பெட்டிக்கு வளைவுகள் அறுப்பதற்காக 6 மி.மீ. பிளேடு மாட்டியிருந்தேன். அது முடிந்ததும் அதே பெட்டிக்குப் பதினான்கு பட்டி நேராகக் கிழிக்க வேண்டியிருந்தது. பிளேடு மாற்றச் சோம்பல். ஃபென்ஸை வைத்துத் தள்ளினேன். மரம் ஃபென்ஸை விட்டு விலகியது.

புது பிளேடு. ஆணி கீணி ஒன்றும் படவில்லை. பல் முனை எதுவும் மினுங்கவில்லை. பள்ளத்தின் அடி டயர் நடுவில்தான் நிற்கிறது. இருமுறை டென்ஷன் ஏற்றினேன், கைடைத் தாள் வைத்துத் திரும்ப அமைத்தேன், மேல் வீலின் சாய்வை இம்மி இம்மியாக இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. இத்தனை மெல்லிய பிளேடில் அப்படித்தான் இருக்குமோ, இந்த ஒரு பிளேடு தயாராகும்போதே ஒரு பக்கப் பல் கூடுதலாகச் சாய்ந்துவிட்டதோ. பட்டி பதினான்கும் இன்றைக்கே வேண்டும்.

பலகை ஓரத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டேன். பாதி தூரம் கையால் அறுத்து, மரத்தை அசைக்காமல் மெஷினை நிறுத்தி, மேஜையில் பென்சிலால் வரைந்தேன். ஒரு டிகிரிகூட இருக்காது. ஃபென்ஸின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தித் திருப்பி வைத்தேன். பதினான்கு பட்டியும் ஒரே கனம்.

தம்பி, சிரித்து முடித்ததும் சொல்லுங்கள், போல்ட்டைத் திரும்பப் பழைய இடத்தில் வைக்க வேண்டும்.